ஆட்டோவில் விட்ட கை

நான் எழுதுகிற கதைகளுக்குத் தமிழில் இன்னும் சரியான பெயர் அமையவில்லை. "சைபர்பங்க்" துப்பறியும் கதை என்று சொன்னபோது அம்மா கோவையிலிருந்து போனில், "பெட்ரோல் பங்க்கா? அங்க என்ன துப்பறியறே?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை.

புனேயில், மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதும் நிரலில் பிழை தேடுவது என் வேலை. சனிக்கிழமைகளில் ஓர் இணைய இதழுக்குத் தொடர்கதை எழுதுவேன். எதிர்காலத்துப் புனே, ஓயாத மழை, உடம்பில் பாதியை இயந்திரமாக மாற்றிக்கொண்ட மனிதர்கள். என் துப்பறிவாளனுக்கு இடது கை இரும்பு. அது பூட்டைத் திறக்கும், ரேகை படிக்கும், கோபம் வந்தால் சுவரை உடைக்கும். அந்தக் கையை அவனுக்கு மாட்டுவதற்காக, அசல் கையை நான்காம் அத்தியாயத்தில் ஓர் இயந்திரத்துக்குள் கொடுத்தேன். ரசித்து எழுதினேன். ரத்தமும் தீப்பொறியுமாக நன்றாக வந்திருப்பதாக வாசகர்களும் சொன்னார்கள்.

அது வெளியான மறு மாதம், புனேக்கு வெளியே சாகணில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இருந்த என் அண்ணாவின் வலது கை, தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸில் சிக்கி, மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்தபோது நான் கட்டிலருகே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கதைகளை விடாமல் படிக்கும் ஒரே உறவினர் அவர்தான்.

"அம்மிணி, உன்ற ஆளுக்கு எந்தக் கை போச்சு?"

"இடதுங்ணா."

"என்றது வலது. நல்லதாப் போச்சு. காப்பியடிச்சேன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். வந்தபோது அவர் இடது கையால் தயிர்சாதத்தைச் சட்டையெல்லாம் இறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து, காப்பீட்டின் புண்ணியத்தில், அவருக்குப் புதுக் கை வந்தது. கறுப்பு, ஐந்து விரல், உள்ளே மோட்டார். முன்கைத் தசை அசைவதை உணர்ந்து விரல்கள் மடங்கும். நான் நோட்டுப் புத்தகத்தோடு கசார்வாடியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அக்கறை என்று அண்ணி நினைத்துக்கொண்டார். உண்மையில் எனக்குக் கதைக்கு விவரம் வேண்டியிருந்தது.

"போட்டதும் எப்படி இருக்குதுங்ணா? ஒரு சக்தி வந்த மாதிரி?"

"வேர்க்குது," என்றார் அண்ணா.

அவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு நானாகவே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கையால் முட்டையைப் பிடிக்கலாம், ஆனால் எதற்கு முட்டையைப் பிடிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. மழையில் நனையக் கூடாது. தினமும் செல்போனுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட வேண்டும். அண்ணி ஒருநாள் மறந்து சார்ஜரைப் பிடுங்கி மிக்சியைச் செருகிவிட, மறுநாள் கை வேலைக்குப் போகவில்லை.

மூன்றாம் மாதம் ஆட்காட்டி விரல் மடங்க மறுத்தது. மற்ற நான்கும் ஒழுங்காக மூட, அது மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணா எங்கே போனாலும் யாரையோ குற்றம் சாட்டுவது போலவே இருக்கும். வேறு பிரிவில் வேலை கொடுத்து அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்த கம்பெனியின் பஸ்ஸில் ஒருவர், "என்னை ஏன் காட்டுகிறாய்?" என்று சண்டைக்கு வந்தார். கூட்டத்தில் சூப்பர்வைசர் பேசும்போது விரல் நேராக அவரை நோக்கி நின்றது. தயாரிப்பு ஏன் குறைந்தது என்று யாரோ கேட்டிருந்த நேரம் அது. கை வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும், இரண்டு மாதம் ஆகலாம் என்றார்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு மதியம், நான் அலுவலகத்தில் இருக்கும்போது போன் வந்தது.

"அம்மிணி, கைய ஆட்டோல உட்டுட்டேன்."

வெக்கை தாங்காமல் கழற்றித் துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருக்கிறார். ஷேர் ஆட்டோ. நாசிக் பாட்டா சந்திப்பில் இறங்கும்போது காய்கறிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குடும்பத்தில் துப்பறியத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

முதலில் போலீஸ் சௌகிக்கு, அதாவது புறக்காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த காவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன தொலைந்தது என்று மராத்தியில் கேட்டார்.

"ஹாத்," என்றார் அண்ணா. கை.

காவலர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எழுதிக்கொண்டார். என்ன நிறம் என்று கேட்டார், எழுதினார். அடையாளம் கேட்டார். ஆட்காட்டி விரல் மடங்காது என்று சொன்னோம், அதையும் எழுதினார். உங்களுடையதுதான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். பில் வீட்டில் இருந்தது. அண்ணா வலது சட்டைக் கையை மேலே ஏற்றினார்.

காவலர் பேனாவை மூடினார். "பிரஸ்ஸா?" என்று மெதுவாகக் கேட்டார். தன் மச்சானும் பிரஸ்ஸில்தான் நிற்கிறான் என்றார். எங்கள் இருவருக்கும் டீ வந்தது. புகாரின் நகலில், 'வலது கை, கறுப்பு, ஒன்று' என்று இருந்தது.

அதற்கு மேல் வழக்கை நான் எடுத்துக்கொண்டேன். கைக்கென்று ஒரு செயலி உண்டு, அது கடைசியாக எங்கே இருந்தது என்று காட்டும். அண்ணாவின் போனை வாங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி அண்ணாவின் வீட்டில் இருந்தது.

"வீட்லதான் இருக்குதுங்ணா! நீங்க எடுத்துட்டே வரலையாட்ட இருக்குது."

"காலைல வீட்ல மாட்டும்போது போன்ல சேர்த்தேன். அப்பறம் சேர்க்கல. அதான் அங்கயே காட்டுது."

நான் விடவில்லை. ஆட்டோவில் யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்தேன். ஓர் அம்மாள், கல்லூரிப் பெண் ஒருத்தி, பெரிய முதுகுப்பையோடு ஒரு ஆள். முதுகுப்பைக்காரன் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. வெளிநாட்டுப் பாகங்களைத் திருடி விற்கும் கும்பல் பற்றி ஆறாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன். கும்பல் எப்படி இயங்கும் என்று அண்ணாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் அவர் இல்லை.

எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் நின்று இரண்டு டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"வா, இருக்கற எடம் தெரிஞ்சுபோச்சு."

"எப்படிங்ணா?"

"கேட்டேன்."

அந்த ஆட்டோ டிரைவர் பையைத் திறந்து பார்த்திருக்கிறார். முதலில் பயந்திருக்கிறார். பிறகு மெஷின் என்று புரிந்ததும், மெஷினைப் பற்றித் தெரிந்த ஆளிடம் கொடுப்பதுதான் முறை என்று, நெடுஞ்சாலை ஓரத்து லேத் பட்டறை ஒன்றில் ஒப்படைத்திருக்கிறார். யாராவது தேடி வந்தால் சொல்லும்படி ஸ்டாண்டிலும் சொல்லி வைத்திருக்கிறார்.

பட்டறை ஒற்றை ஷட்டர் அகலம்தான். உள்ளே ஐம்பது வயதுக்காரர் ஒருவர், வேலைமேசையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் அண்ணாவின் கையை மல்லாக்க வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னத் திருப்புளியும் எண்ணெய்க் குப்பியும் இருந்தன. நான் அதை எடுக்க முன்னால் பாய்ந்தேன்.

"தாயி, பயப்படாதீங்க," என்றார் மராத்தியில். அங்கே தாயி என்றால் அக்கா. என்னைவிட இருபது வயது மூத்தவர் கூப்பிட்டாலும் அக்காதான். விரல் முட்டில் இரும்புத்தூள் அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன், வேறெதையும் தொடவில்லை என்றார்.

அண்ணா கையை மாட்டினார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஐந்து விரலும் சேர்ந்து மூடின. இரண்டு மாதமும் கப்பலும் கேட்ட வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்திருந்தது.

நன்றி சொல்ல வந்த அண்ணா, பட்டறைக்காரரின் இடது கையைப் பார்த்தார். அதில் இரண்டு விரல் இல்லை. அந்த இடத்தில் தோல்பட்டையும், வளைந்த எஃகுக் கம்பியும் இருந்தன. அதில் ஸ்பேனரை மாட்டிக்கொண்டுதான் அவர் வேலை செய்கிறார்.

"பிரஸ்ஸா?" என்று அண்ணா இந்தியில் கேட்டார்.

"பிரஸ்தான். பழைய கம்பெனி."

பிறகு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். யாருக்கு எத்தனை டன் பிரஸ், எந்த ஷிப்ட், பாதுகாப்பு சென்சார் வேலை செய்ததா என்று பேச்சு போனது. குளிர்காலத்தில் இல்லாத விரல் அரிக்குமா என்று அண்ணா கேட்டார். அரிக்கும், அப்போது இருக்கிற விரலைச் சொறிந்தால் கொஞ்சம் அடங்கும் என்றார் அவர். அண்ணா இத்தனை நாளில் இதை யாரிடமும் கேட்டதில்லை. என்னிடமும் கேட்டதில்லை. என் நோட்டுப் புத்தகம் கைப்பையிலேயே இருந்தது, எடுக்க வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது அண்ணா, "ஸ்கூட்டர் பிடிக்க ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்று கேட்டார். விபத்துக்குப் பிறகு அவர் வண்டியைத் தொட்டதே இல்லை. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் பட்டறையிலேயே கிடந்தார். கொக்கி ஒன்று தயாரானது. கைப்பிடியைக் கவ்வும், இழுத்தால் உடனே விடும், நனையலாம், சார்ஜ் வேண்டாம். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் இடது பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்ததும் அதே பட்டறைக்காரர்தான். பிறகு அண்ணா ஆர்டிஓ ஆபீசுக்கு நான்கு முறை அலைந்து உரிமத்தையும் மாற்றி வாங்கினார்.

இதையெல்லாம் அப்படியே அடுத்த அத்தியாயமாக எழுதி அனுப்பினேன். இதழாசிரியர் திருப்பி அனுப்பினார். போலீஸ்காரர் டீ வாங்கித் தருவதும், திருடனே இல்லாததும் நம்பும்படி இல்லையாம். பட்டறைக்காரரை வில்லனாக்கினால் சரியாக வரும் என்று யோசனையும் சொல்லியிருந்தார். நான் ஆக்கவில்லை. தொடர் அங்கேயே நிற்கிறது.

அண்ணா இப்போது ஐந்து விரல் கையைக் கல்யாணங்களுக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறார். மற்ற நாளெல்லாம் கொக்கிதான். முதல் மழை பெய்த ஞாயிறன்று நான் குடியிருக்கும் மகர்பட்டாவுக்கே ஸ்கூட்டரில் வந்து கீழே நின்று ஹாரன் அடித்தார்.

"ஏறு அம்மிணி, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

ஏறினேன். ஹெல்மெட்டுக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"சட்டைய உடு, கிழியப் போகுது," என்று அவர் கத்தியது காற்றில் கேட்டது.