எனக்கு விழாத அடி

பெரியப்பா வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் அக்காவுக்கு அடி விழும். எனக்கு விழாது. கேட்கிறவர்கள் நான் கொடுத்துவைத்தவள் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அந்த அடிக்காக ஏங்கிய மாதிரி நான் வேறு எதற்காகவும் ஏங்கியதில்லை. புதுப் பாவாடைக்குக்கூட இல்லை.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருந்தது. பஸ் வந்து நிற்கிற இடத்திலிருந்து தோணியில் ஏரியைத் தாண்டித்தான் வரவேண்டும். என் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது நான் கைக்குழந்தை. அதற்குப் பிறகு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டோடு வந்துவிட்டாள். விடிவதற்குள் மீன்கூடையோடு பொன்னேரி சந்தைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். சமையலும் கருவாடும் பெரியம்மாவின் பொறுப்பு. பெரியப்பாவுக்கு ஒரே மகள், அவள்தான் அக்கா. என்னைவிட மூன்று வயது பெரியவள். வீடு இவ்வளவுதான்.

பெரியப்பா ஒரு காலத்தில் குப்பத்திலேயே பெரிய குடிகாரராம். நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது அவர் இரட்சிக்கப்பட்டிருந்தார். பொன்னேரியிலிருந்து ஒரு பாஸ்டர் ஐயா ஞாயிறுதோறும் செருப்பைக் கையில் பிடித்தபடி தோணியிலிருந்து இறங்கி வருவார். குப்பத்தில் சில வீடுகள் அவர் சபையில் சேர்ந்திருந்தன. சபை வீடுகளில் பொட்டு கிடையாது, பூ கிடையாது, வளையல் கிடையாது, சினிமா கிடையாது, காய்ச்சலுக்கு மாத்திரைகூடக் கிடையாது. அடி மட்டும் தாராளமாக உண்டு. அதை அடி என்று சொன்னால் பாஸ்டர் ஐயாவுக்குப் பிடிக்காது. சிட்சை என்று சொல்லவேண்டும்.

சிட்சைக்கென்று எங்கள் வீட்டில் ஒரு திருக்கைவால் இருந்தது. திருக்கை மீனின் வாலை அறுத்துக் காயவைத்து, தேங்காயெண்ணெய் தடவித் தடவிச் சாட்டையாக ஆக்கியது. சொரசொரவென்று இருக்கும். வேதப்புத்தகம் வைக்கிற பலகைக்குக் கீழே ஆணியில் தொங்கும். சனிக்கிழமை கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பெரியப்பா வந்து உட்காருவார். அக்கா எழுந்துபோய் வீட்டின் நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வாரம் செய்த தப்பை அவளே வாயால் சொல்லவேண்டும். ஜெபத்தில் தூங்கிவிட்டேன், அம்மாவை எதிர்த்துப் பேசினேன், கங்கையம்மன் கோயில் ஸ்பீக்கரில் வந்த சினிமாப் பாட்டை முணுமுணுத்தேன். சொல்லி முடித்ததும் கெண்டைக்காலில் விழும். சத்தம் போடக்கூடாது. போட்டால் முதலிலிருந்து ஆரம்பம். எல்லாம் ஆனபிறகு அவள் அந்த வாலுக்கு முத்தம் கொடுத்து, "ஸ்தோத்திரம் நைனா" என்று சொல்லவேண்டும்.

நான் ஏங்கியது அதற்குப் பிறகு நடப்பதற்காக. வாலை ஆணியில் மாட்டிவிட்டுப் பெரியப்பா அழுவார். கரையில் சண்டை என்றால் துடுப்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய் நிற்கிற மனிதர், தேம்பித் தேம்பி அழுவார். அக்காவைத் தன் பக்கத்தில் முழங்கால் போடவைத்து, தலைமேல் கைவைத்து, "என் மகள், என் மகள்" என்று சொல்லிச் சொல்லி ஜெபிப்பார். காலில் தடித்திருக்கும் இடத்துக்குத் தானே எண்ணெய் தடவிவிடுவார். பிறகு தன் தட்டிலேயே சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, உருட்டி ஊட்டுவார். மடவை மீனில் வயிற்றுத் துண்டு அவளுக்குத்தான். நான் பெரியம்மாவோடு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து மீன்தலையைச் சப்பிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்.

என்னிடம் பெரியப்பா முகம் சுளித்ததே இல்லை. சிட்சை தொடங்குமுன், "நீ வெளிய போய் வெளாடும்மா" என்பார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த குழந்தையிடம் பேசுகிற தோரணை அது. நான் வெளியே போய்த் தட்டிச் சந்து வழியாகப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கொடுமை. சபை முடிந்ததும் பிள்ளைகள் சபைக் கொட்டகைக்குப் பின்னால் கூடி, பாவாடையைக் கொஞ்சம் தூக்கியும் டவுசரைக் கொஞ்சம் சுருட்டியும் அவரவர் தழும்பைக் காட்டிக்கொள்வார்கள். யார் வீட்டில் புளியம் விளாறு, யார் வீட்டில் பெல்ட் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். எங்கள் வீட்டுத் திருக்கைவாலுக்குத் தனி மரியாதை. ஆனால் அக்கா காட்டமாட்டாள். பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நிற்பாள். வைத்துக்கொண்டு மறைக்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். என்னிடம் யாராவது, "உனுக்கு இன்னா?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஒருமுறை கொசு கடித்த தடிப்பைக் காட்டிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிறு பாஸ்டர் ஐயா பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தகப்பன் எந்தப் பிள்ளையை நேசிக்கிறானோ அதைத்தான் சிட்சிப்பான், சிட்சை இல்லாத பிள்ளை அந்த வீட்டுச் சொந்தப் பிள்ளையே அல்ல என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு எல்லாரும் என்னையே பார்ப்பதாகப் பட்டது. பெரியப்பாவை எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடி, ஆமென் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எப்படியாவது அவர் கையால் அடி வாங்கிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். முதலில் ஜெபத்தில் தூங்குகிற மாதிரி நடித்தேன், குறட்டைகூட விட்டேன். பெரியப்பா தன் துண்டை எடுத்து என்மேல் போர்த்திவிட்டார். இன்னொரு நாள் அவர் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே நின்று சினிமாப் பாட்டு ஒன்றைத் தொண்டை கிழியப் பாடினேன். "பாவம், அப்பன் இல்லாத கொழந்த" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு வலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதே பாட்டை முணுமுணுத்ததற்குத்தான் அக்காவுக்குப் போன மாதம் கால் வீங்கியது.

ஆடி மாதம் வந்தது. கங்கையம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். சபை வீடுகளில் படைத்த பண்டத்தைத் தொடவே கூடாது, அதைவிடப் பெரிய பாவம் வேறு இல்லை. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று எனக்கே சொல்லியிருந்தார்கள். பெரியப்பா கடலுக்குப் போன நேரம் பார்த்து நான் சொம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏய், நீ அல்லேலூயா வீட்டுப் பொண்ணாச்சே. உங்க பெரிப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரே" என்றாள்.

"தெரியட்டும்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே சொம்பு நிறைய ஊற்றி, மேலே கருவாட்டுக் குழம்பும் விட்டாள். பாவம் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பவும் போய் வரிசையில் நின்றேன். பூசாரியிடம் கேட்டு நெற்றி நிறையக் குங்குமமும் வைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் அக்காதான் முதலில் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னை வீட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய், எச்சிலைத் தொட்டுத் தன் பாவாடை நுனியால் நெற்றியைத் தேய்த்தாள். "யாராச்சும் பாத்தாங்களா? வாயக் கொப்புளி. யாராண்டயும் சொல்லாத, புரிஞ்சுதா" என்றாள். நான் அவளைத் தள்ளிவிட்டேன். எனக்கு அவள் எண்ணம் நன்றாகப் புரிந்தது. எல்லாவற்றையும் தான் ஒருத்தியே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா கம்பத்தைப் பிடித்து நின்றதும், வெளியே போய் விளையாடச் சொல்வதற்குள் நானும் போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

"பெரிப்பா, நான் அம்மன் கூழு துன்னுட்டேன். ரெண்டு தபா வாங்கித் துன்னேன். குங்குமமும் வெச்சிக்கினேன்."

அடுப்படியில் பெரியம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. பெரியப்பா எழுந்தார். ஆணியிலிருந்து வாலை எடுத்தார். நான் பாவாடையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கண்ணை இறுக்க மூடினேன். தேங்காயெண்ணெய் வாடை கிட்டத்தில் வந்தது. எனக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. வாலில் எந்த இடத்தில் முத்தம் கொடுப்பது என்பதையும், ஸ்தோத்திரம் நைனா என்று சொல்லலாமா ஸ்தோத்திரம் பெரிப்பா என்று சொல்லவேண்டுமா என்பதையும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் சந்தையிலிருந்து வந்திருக்கிறாள், காலிக்கூடை இடுப்பில் இருந்தது. அவள் பெரியப்பாவையே பார்த்தாள். அவர் கையைத் தாழ்த்தினார்.

"தகப்பன் இல்லாத புள்ள மேல கைய வெச்சா ஆண்டவரு என்னியக் கேப்பாரு. நீ போம்மா" என்றார்.

"எனுக்கும் அடி பெரிப்பா" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அக்கா பக்கம் திரும்பி, "இவ கூழு துன்னது உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அக்காவுக்குப் பொய் வராது. தெரியும் என்று தலையை ஆட்டினாள். "தங்கச்சி பாவத்துல வுழறா, நீ மூடி மறைச்சிக்கினு கீற" என்றார் பெரியப்பா.

பிறகு விழுந்தது முழுக்க அக்காவுக்கு. அவளுடைய வாரத்துக் கணக்கும் அதில் இருந்தது, என் கூழும் இருந்தது, குங்குமமும் இருந்தது. எப்போதும் வாயே திறக்காதவள் அன்றைக்குச் சத்தம் போட்டுவிட்டாள், அதனால் மறுபடியும் முதலிலிருந்து. நான் வாசலில் நின்று ஓவென்று அழுதேன். அம்மா கூடையைப் போட்டுவிட்டு என்னை வாரி எடுத்து, "பயந்துட்டியா கண்ணு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். எனக்குப் பயம் இல்லை. ஆத்திரம். வரிசையில் நின்று சம்பாதித்தது நான், அவள் வாங்கிக்கொள்கிறாள்.

பெரியப்பா அன்று என்றைக்கும் அழாத அழுகை அழுதார். ஜெபம் முடிகிற வழியாக இல்லை. எண்ணெய்க் கிண்ணம் காலியானது. கடைசியில் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, அக்காவை மடியில் சாய்த்துக்கொண்டு ஊட்டினார். அவளால் விழுங்க முடியவில்லை. வாய்க்குள் போன சோறு கடைவாயில் வழிந்து பாயில் விழுந்தது. அவர் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். எனக்கு அந்தச் சோறு கிடைத்திருந்தால் ஒரு பருக்கை சிந்தியிருக்கமாட்டேன்.

இரண்டு நாள் நான் அக்காவோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் கருவாடு காயப்போட்டிருந்தது, காக்காய் விரட்ட எங்கள் இரண்டு பேரையும் அனுப்பியிருந்தார்கள். நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். அக்காவால் உட்கார முடியாததால் நின்றுகொண்டிருந்தாள். கடலில் தூரத்தில் பெரியப்பாவின் கட்டுமரப் பாய் தெரிந்தது. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க நைனா போன அன்னிக்கு காத்து எப்டி இருந்துச்சு?"

என் அப்பாவைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கோபத்தை மறந்துவிட்டேன். எனக்கென்று அப்பா விஷயத்தில் இருந்தது அந்த ஒரு நாள்தான், அதையும் அம்மா சொல்லிச் சொல்லித்தான் தெரியும். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வாடைக்காற்று, கூடவே மழை, திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் அலை கட்டுமரத்தைப் புரட்டிவிட்டது, மரம் கரைக்கு வந்துவிட்டது, அவர் வரவில்லை.

"நல்லா நீந்துவாரா?"

"குப்பத்துலயே அவருதான். உங்க நைனாவுக்கு நீச்சல் சுமாருதானாம், எங்கம்மா சொல்லிச்சு."

குத்திக்காட்டத்தான் சொன்னேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. "அவ்ளோ நல்லா நீந்தியும் போயிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போயிட்டாரு."

"வாடை எப்போ ஏறும்?"

"ஐப்பசி பொறக்கணும்" என்றேன்.

அவள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலோடு மணலில் முழங்கால் போட்டாள். கைகூப்பிக் கண்ணை மூடினாள், உதடு வேகவேகமாக அசைந்தது. யாரும் சொல்லாமல் அவளாக ஜெபம் பண்ணி அன்றுதான் பார்த்தேன். நைனா பத்திரமாகக் கரைக்கு வந்து சேரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். வேண்டிக்கொள்ள அவளுக்கு ஒரு நைனா இருக்கிறார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்து காக்காய் விரட்டப் போனேன்.