வீட்டுக்காரர் செய்யாத திருப்பணி

தேவகிக்கு நாற்பத்தாறு வயது. வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையின் பின்கட்டு வாடகை அறையில் பிறந்து, காஞ்சிபுரத்தில் நான்கு வாடகை வீடுகளில் குடித்தனம் நடத்தி, ஐந்தாவதாக மாணிக்கவேலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வீட்டுக்காரர்களில் எத்தனை ரகம் உண்டு என்று கேட்டால் போதும், பட்டுக்கடையில் சேலை விரிப்பதுபோல் ஒவ்வொருவராக எடுத்துப் போடுவாள். மாணிக்கவேலை மட்டும் விரிக்க மாட்டாள். "அது மடிப்பிலேயே இத்துப்போன துணிமா" என்பாள்.

அவள் தொழில் குச்சு கட்டுவது. தறியிலிருந்து இறங்கிய சேலையின் முந்தானை நுனி இழைகளைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக் குஞ்சமாக்குவாள். கணவன் பழனி செவிலிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

மாணிக்கவேல் பெரிய மனிதர். வேறு யாரும் சொல்ல முன்வராததால் அவரே சொல்லிக்கொள்வார். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்து, மூன்று இறக்கையிலும் சிவப்பு எழுத்தில் 'உபயம்: மாணிக்கவேல்' என்று எழுதவைத்தார். சுற்றினால் பெயர் தெரியாதல்லவா? அதனால் குருக்களிடம் சொல்லி அதைச் சுற்றவிடாமலே வைத்திருந்தார். சித்திரை வெயிலில் பிள்ளையாரின் தொப்பை இரண்டு அங்குலம் கரைந்தது.

தன் வீட்டு மாடித்தளம் வெடித்து மூன்று வருடமாகியும் அந்தக் கை அங்கே நீளவில்லை. தேவகி ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் போய்ச் சொன்னாள். எழுதியும் கொடுத்தாள். "பாக்கலாம்மா" என்று வாங்கி, அந்தக் காகிதத்தில் சுண்ணாம்பு விரலைத் துடைத்துக்கொண்டார். மழை பிடித்தால் தேவகி வீட்டுப் பூனை நனையாமலிருக்கத் தெருவுக்கு ஓடும்.

போன ஐப்பசியில் ஏனாத்தூரில் ஒரு வீட்டுக் கல்யாணச் சேலை குச்சு கட்ட வந்திருந்தது. சந்தன நிற உடல், அரக்குக் கரை. பாதிக் குச்சு முடித்துவிட்டு, பொங்கிய பாலை இறக்க எழுந்தாள். திரும்புவதற்குள் தளத்திலிருந்து ஒரு பாளம் காரை தண்ணீரோடு சேலைமேல் இறங்கியிருந்தது. அரக்குச் சாயம் சந்தனத்தில் ஊறிப் பரவியது. முகூர்த்தத்துக்கு நாலே நாள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, வேறு சேலை வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு அந்தக் கெட்ட சேலையைக் கையில் ஏந்திக்கொண்டு மாணிக்கவேலின் வாசலில் போய் நின்றாள்.

"இதுக்கு நீங்கதான் நஷ்ட ஈடு குடுக்கணும் சார்."

"நானா? மழ என்னைக் கேட்டுக்கினா பெய்யுது?"

"மழைய யாரு கேட்டா? ஒப்பந்தத்துல போட்டிருக்குது, தளமும் சுவரும் பழுதானா வீட்டுக்காரர் பொறுப்புன்னு. கீழ உங்க கையெழுத்து அரைப் பக்கத்துக்கு இருக்குது."

"படிச்சிப் பாத்தாமா கையெழுத்துப் போடறாங்க? புடிக்கலன்னா காலி பண்ணு."

அந்த நிமிடத்தில் தேவகியின் கோபம் தீர்ந்துபோனது. கோபப்படவும் எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். இங்கே இருந்தது ஒரு வேட்டியும் வெற்றிலைச் சாறும்தான்.

தளத்தைத் தானே ஆள் வைத்துச் செப்பனிட்டாள். செலவை வாடகையில் கழிப்பதாக அவருக்கு எழுதி அனுப்பினாள். சேலை நஷ்டம் மட்டும் நின்றது. மின்விசிறியில் பெயர் எழுதிய பெயின்டர் துளசியைக் கூப்பிட்டாள்.

"இன்னாக்கா எழுதணும்?"

"ஃபேன்ல எழுதினியே, அதே எழுத்து, அதே சிவப்பு. இன்னும் கொஞ்சம் பெரிசா."

தெருவைப் பார்த்த சுவரில் அவன் எழுதினான்: 'இவ்வீட்டு மாடித்தளத் திருப்பணி உபயம்: குடித்தனக்காரர் ப. தேவகி.'

அந்த வாரம் பிள்ளையார் வீதியுலா வந்தார். முன்னால் மாலையும் கழுத்துமாக மாணிக்கவேல். சுவரருகே வந்ததும் சாமி தூக்கியவர்களில் ஒருவர் உரக்கப் படித்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: "சாமிக்கு ஃபேன் போட்ட கையி, சொந்த வூட்டுக்கு ஒரு சட்டி சிமெண்ட்டு போடலியாப்பா?" தூக்கியவர்கள் குலுங்க, பல்லக்கும் குலுங்கியது. பிள்ளையாரே சிரித்தார் என்றுதான் தெருவில் சொல்கிறார்கள். மறுத்துப் பேச யாரும் வரவில்லை.

"அழிச்சிடும்மா அதை" என்றார் மாணிக்கவேல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உபயத்தை அழிக்கலாமா சார்? நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

மறுநாள் காலை தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே ஒரு கவர், பின்னால் படம் பிடிக்க மொபைலோடு ஓர் ஆள் என்று வந்து இறங்கினார். சேலை விலை முழுவதும் உள்ளே இருந்தது. கவரின்மேல் 'ஏழைத் தொழிலாளிக்கு மாணிக்கவேலின் அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது.

தேவகி கையைக் கட்டிக்கொண்டாள். பழனி மெல்ல இடித்தான். "வாங்கிக்கோடி. சங்கிலிய மூட்டுடலாம்."

"சங்கிலி இன்னும் நாலு மாசம் அங்கியே கெடக்கட்டும். இவரு தூக்கிப் போட்டு நான் பொறுக்கினேன்னு படம் எடுப்பாரு, அதுக்கு நான் நிக்கணுமா? சார், அன்பளிப்ப அடிச்சிடுங்க. தளம் ஒழுகி சேலை கெட்டதுக்கு நஷ்ட ஈடுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா வாங்கிக்கிறேன். சுவரையும் அழிக்கச் சொல்றேன்."

மாணிக்கவேல் சுவரைப் பார்த்தார். பால் வாங்கப் போன இரண்டு பெண்கள் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். பேனாவை எடுத்தார். வாழ்நாளிலேயே முதல்முறையாக அவர் கையெழுத்து எறும்பு அளவுக்கு வந்தது. தேவகி கண்ணருகே வைத்துப் படித்துவிட்டுத்தான் கவரை வாங்கினாள்.

துளசி வந்து சுவரைச் சுரண்டினான். எழுத்து வந்தது, எழுத்தோடு பூச்சு வந்தது, பூச்சோடு இரண்டு செங்கல்லும் வந்து மாணிக்கவேலின் செருப்பருகே விழுந்தன.

தேவகி உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்தாள்.

"சார், அதுக்குள்ள கெளம்பாதீங்க. தளமும் சுவரும்னு போட்டிருக்குதுல்ல? தளம் ஆச்சு."