தனத்துக்காக ஜெபித்தவர்கள்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். பத்தாவதோடு நின்றவள் நாவலைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்ற கூச்சம். விசுவாசிக்குப் பொய்க்கதை எதற்கு என்று சபையில் கேட்பார்களே என்ற பயம். இப்போது இரண்டும் இல்லை.

குடியாத்தத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்த புதிதில், வீட்டு ஜெபக்கூட்டமே எனக்கு விநோதமாக இருந்தது. ஒரே பாட்டைப் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் கன்னடத்திலும் சேர்ந்து பாடுவார்கள். வீட்டுக் கஷ்டத்தை ஜெபக்குறிப்பு என்று எல்லோர் முன்பும் சொல்லிவிடுவார்கள். ஊரில் நாங்கள் அதைக் கதவுக்கு வெளியே விடமாட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். பக்கத்து வீட்டு மேரி அக்கா குறிப்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "தனம்னு ஒரு சகோதரி, புருஷன் அடி தாங்காம புள்ளையோட அம்மா வூட்டு வாசல்ல நிக்குது. அம்மாக்காரி கதவத் தொறக்கல. கர்த்தர் எரங்கணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தனம் நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் வருகிறவள்! முந்தின நாள் தங்கையிடம் போனில் அவளைச் சொல்லி அழுதது, சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது.

நான் வாய் திறப்பதற்குள் எல்லோரும் முழங்காலில். கன்னடக்காரர் சரோஜம்மா மட்டும் விம்மி விம்மி ஜெபித்தார். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை அவர் வீட்டில் சேர்க்கவில்லை. அவள் பெங்களூர் ஓரத்து அத்திபெலேயில்தான் இருக்கிறாள்; வருடக்கணக்கில் பேச்சே இல்லை.

ஆமென் சொன்னதும் உண்மையைச் சொன்னேன்.

"அடிப்பாவி! இல்லாதவளுக்கா முட்டி தேய ஜெபிச்சோம்? கர்த்தர் இப்ப அட்ரஸ் தேடி அலையப்போறாரு!" என்றார் மேரி அக்கா. வீடே சிரித்தது.

சரோஜம்மா சிரிக்கவில்லை. "கதே ஆதரே ஏனம்மா? நன் கண்ணீரு நிஜா தானே?" என்றார். கதையானால் என்ன, என் கண்ணீர் நிஜம்தானே என்று. இல்லாத ஒருத்திக்காக அழுவது மனுஷருக்குத்தான் வரும். அதைக் கர்த்தர் நமக்குள் சும்மா வைக்கவில்லை. அவரும் உவமையாகத்தானே பேசினார்?

அதன்பிறகு மத்தியானம் தோறும் தனத்தின் கதையைக் கேட்க சரோஜம்மா வருவார். என் கண் தமிழில் படிக்க, வாய் நொண்டிக் கன்னடத்தில் சொல்லும். கடைசி அத்தியாயத்தை நான் முன்னாடியே படித்திருந்தேன். தாய் மனசு மாறிக் கதவைத் திறக்கும்போது தனம் போய்விட்டிருப்பாள். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஆனால், பொய் என்று ஊரே சொல்லும் புத்தகத்தில் நான் ஒரு பொய்யைச் சேர்க்க நாக்கு எழவில்லை. உள்ளபடியே சொன்னேன்.

"வாசல்ல யாரும் இல்வா?"

"இல்லம்மா."

சரோஜம்மா என் போனை வாங்கினார். எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. "புட்டீ... ஊட்டா ஆய்தா?" என்றார். இத்தனை வருடம் கழித்து மகளிடம் கேட்டது, சாப்பிட்டாயா குட்டி என்றுதான். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது.

இன்றும் எனக்குள் தனம் வாசலில் தமிழில் நிற்கிறாள். கதவுக்கு உள்ளே ஒரு தாய் கன்னடத்தில் அழுகிறாள். நடுவில் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நான். இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் தயவுசெய்து மனம் இளகி எதையும் மாற்றிவிடாதீர்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.