பெரியப்பா மண்டபத்துப் பீமும் அப்பாவின் பயமும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் பயத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்தான். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இதை எழுதும்போதே ஏதாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்று கை தயங்குகிறது.

முக்கியமாக, பெரியப்பாவின் கல்யாண மண்டபத்தைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினேன். நேரில் போய்க் கேட்டேன். "எழுது தாயி. ஒண்ணும் மறைக்காண்டாம். நான் கோவப்பட்டதையும் எழுது" என்றார் பெரியப்பா. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஆடு வளர்த்துப் பிழைத்த குடும்பத்தில். கோடையில் கரிசல் நிலம் பிளந்தால் வீட்டுச் சுவரும் கூடவே பிளக்கும். மழை பெய்து மண் உப்பினால் வெடிப்பு மூடிக்கொள்ளும். வீட்டில் மற்றவர்கள் இதைச் சட்டை செய்ததே இல்லை. அப்பா மட்டும் சின்ன வயதிலேயே வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சுவரோரம் படுக்க மாட்டேன் என்று அழுவாராம். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, மூத்தவரான பெரியப்பா கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், மூட்டை தூக்கினார். அந்த உழைப்பில்தான் அப்பா பாலிடெக்னிக் படித்து அரசாங்கத்தில் ஓவர்சியர் ஆனார். பெரியப்பாவும் சும்மா இருக்கவில்லை. சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்து, ஊரில் நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்லும் அளவுக்கு வந்தார்.

அப்பா ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்கே திரும்பினார். அதற்குப் பிறகு பழைய கட்டடங்களைச் சோதித்துச் சொல்வதுதான் அவர் வேலை. கட்டடம் இடிந்து விழுமா என்பது ஒரு கேள்வி. விழாது என்றாலும், அதற்குள் மனிதர்கள் நிம்மதியாகப் புழங்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. பீம் தொங்குகிறதா, வெடிப்பு வளர்கிறதா, ஆள் நடந்தால் தரை அதிர்கிறதா, கதவு இறுகுகிறதா என்று அப்பா பார்ப்பதெல்லாம் இந்த இரண்டாவது கேள்விக்காக.

அவரிடம் பெரிய கருவிகள் கிடையாது. பீமின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொத்தனார் நூலை விறைப்பாகக் கட்டுவார். நடுவில் பீம் நூலை விட்டு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார். முப்பது அடி நீளப் பீம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தொங்கினால் முகம் சுருங்கிவிடும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு தபால் அட்டை இருக்கும். வெடிப்புக்குள் அட்டையின் ஓரம் நுழைந்தால் கவலை, நுழையாவிட்டால் கொஞ்சம் குறைவான கவலை. வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு வருவார். ஆறு மாதம் கழித்துப் போய், வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கவலையே இல்லாமல் அப்பா ஒரு கட்டடத்தை விட்டு வெளியே வந்ததாக எனக்கு நினைவில்லை.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். என் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அப்பா அவர்கள் வீட்டு மச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சம்பந்தி தங்கள் வசதியை எடை போடுகிறார் என்று அவர்கள் பேசிக்கொண்டது பிறகு தெரிந்தது. அம்மாவுக்கு மானம் போய்விட்டது. எனக்கும்தான்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன்.

அப்பா வெளியூரில் வேலையில் இருந்தபோதே பெரியப்பா மண்டபம் கட்டத் தொடங்கினார். கீழே மணமேடை, மாடியில் பந்தி. பிளான் போட்டுக் கொடுத்தவர் அப்பாதான். முதலில் கீழ் ஹாலின் நடுவில் ஒரு தூண் வரைந்திருந்தார். தூண் மணமேடையை மறைக்கும் என்று பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. படிக்க வைத்த அண்ணன் கேட்கும்போது அப்பாவால் மறுக்க முடியவில்லை. தூணை எடுத்துவிட்டு, பீமைப் பெரிதாக்கி, கம்பியைக் கூட்டி வரைந்து கொடுத்தார். கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் முட்டுகளை மூன்று வாரம் தொடவே கூடாது என்றும் எழுதி அனுப்பினார்.

தை முதல் முகூர்த்தத்தில் திறப்புவிழா என்று பெரியப்பா நாள் குறித்திருந்தார். கான்கிரீட் போடுவது தள்ளிக்கொண்டே போனது, நாள் தள்ளவில்லை. பத்தாம் நாளே முட்டுகளை உருவிவிட்டார்கள். திறப்புவிழாவுக்கு வந்த அப்பா, வாழைமரம் கட்டிய வாசலில் நுழைந்து அண்ணாந்து பார்த்தபோதே பீமின் நடுவில் லேசான தொய்வு தெரிந்திருக்கிறது. நாதஸ்வரம் வாசிக்கிறார்கள், பெரியப்பாவுக்கு மாலை போடுகிறார்கள். நல்ல நாளும் அதுவுமாக அமங்கலமாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று அப்பா வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சில வருடங்கள் கழித்து எனக்குத் திருமணம் நிச்சயமானது. பெரியப்பா மண்டபம் இருக்கும்போது வேறு எங்கே நடத்துவது? பத்திரிகை அடித்தாயிற்று. ஐப்பசியில் முகூர்த்தம். பதினைந்து நாளைக்கு முன்னால், பாத்திரங்களைப் பார்த்து வைக்க அப்பாவும் நானும் மண்டபத்து மாடிக்குப் போனோம். அப்போதுதான் ஏதோ விசேஷம் முடிந்து, சமையல் மாஸ்டரின் ஆட்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓரத்துச் சாக்கடைக்குப் போகாமல் ஹாலின் நடுவில் தேங்கி நின்றது.

"எப்பவுமே இப்படித்தான் நிக்குமா?" என்று கேட்டார் அப்பா.

"முந்தி ரொம்ப நின்னுச்சு சார். மொதலாளி ரெண்டு தடவ சாந்து போட்டு மட்டம் பண்ணுனாவ. இப்ப திரும்பவும் நிக்குது" என்றார் மாஸ்டர்.

அப்பாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பீம் தொங்கியதால் தரை குழிந்திருக்கிறது. குழியை மட்டம் செய்ய மேலே சாந்தைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தச் சாந்தின் பாரத்தால் பீம் இன்னும் தொங்கியிருக்கிறது. கீழே வந்து நூல் கட்டினார். இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தது. ஏணியில் ஏறித் தபால் அட்டையை எடுத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.  அப்பா அதை வெளியே எடுத்து, மறுபடியும் நுழைத்துப் பார்த்தார்.

அன்று மாலையே பெரியப்பாவிடம் போய், மாடியில் மணல் மூட்டை அடுக்கிச் சோதனை செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"ஏலே, எத்தன கல்யாணம் நடந்திருக்கு அங்கன. ஒரு துண்டு காரை விழுந்திருக்கா? எம்மண்டபத்துல மூட்ட ஏத்திப் பாக்கப் போறியாக்கும்?"

"விழுந்த பெறகு பாக்க முடியாதுல்லாண்ணே."

"மூட்ட எதுக்கு? நானே மேல போய் உக்காந்துகிடுதேன். நீ கீழ நின்னு அளந்துக்கோ."

ஆனாலும் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஆபத்து வந்தால் தாங்கிக்கொள்ள, பீமுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டுச் சவுக்குக் கம்புகளை நிறுத்தினார் அப்பா. மாடி நிறையப் பந்தி உட்கார்ந்தால் என்ன பாரமோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாக மூட்டைகளை அடுக்கினார்கள். ஒரு முழு நாள் அப்படியே விட்டார்கள். பிறகு மூட்டைகளை இறக்கி, இன்னொரு நாள் காத்திருந்தார்கள். இறங்கிய அளவில் முக்கால்வாசியாவது பீம் மேலே திரும்ப வேண்டும். பாதிகூடத் திரும்பவில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. இடத்தை மாற்றினால் அண்ணனை ஊர் முன்னால் அவமானப்படுத்தியதாக ஆகும். மாற்றாவிட்டால், மாடியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிற அத்தனை பேரும் அப்பாவின் பொறுப்பு. மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், தாலி கட்டுவது மண்டபத்திலேயே, பந்தி மட்டும் வெளியே பந்தலில் என்று முடிவு செய்தார். மாடியைப் பூட்டச் சொன்னார். கீழ் ஹாலின் நடுவில் சவுக்குக் கம்புகளை இறுக்கி முட்டுக் கொடுத்தார். பெரியம்மா அழுதுகொண்டே அவற்றில் கலர் காகிதம் சுற்றினார்கள்.

முகூர்த்தத்தன்று நல்ல மழை. பந்தலில் இலை போட்ட இடமெல்லாம் கரிசல் சேறு. வந்தவர்கள் செருப்பில் ஒரு படி மண்ணோடு நின்றார்கள். கம்புகள் மறைத்ததில் பாதிப் பேருக்கு மணமேடை தெரியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அப்பா பீமைப் பார்த்தார். அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. பெரியப்பா தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். மறுநாளே கம்புகளைப் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டு, வழக்கம்போல மண்டபத்தை வாடகைக்கு விட்டார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு அப்பா செய்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முகூர்த்த நாளும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அழைப்பே இல்லாமல் அந்த மண்டபத்துக்குப் போய்விடுவாராம். மாஸ்டரிடம் கெஞ்சி, இலைகளை நடுவில் போடாமல் சுவரோரமாகவே போடச் செய்தார். பிறகு கீழே வந்து, பீமுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அங்கே ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டார். "நகராட்சிக்கு எழுதிப் போட வேண்டியதுதானே" என்று நான் சண்டை போட்டேன். எழுதித்தான் வைத்திருந்தார். அந்தக் கடிதம் மாதக்கணக்கில் பையிலேயே கிடந்து மடிப்பில் கிழிந்துபோனது. அண்ணன் மேல் கொண்ட பாசத்தில் அவர் ஊராரைப் பணயம் வைத்தார் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் சில நாள் தோன்றும். அவருக்கும் தோன்றியிருக்கும்.

ஆனி மாதத்தில் ஒரு முகூர்த்தத்தன்று பெரியப்பா அவரைப் பார்த்துவிட்டார். அன்று நடந்த பேச்சைப் பெரியப்பாவே எனக்குச் சொன்னார்.

"ஏலே, இது யாரு வீட்டுக் கல்யாணம்னாவது தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுண்ணே."

"பெறகு எதுக்கு வந்து உக்காந்திருக்கே?"

"மேல பந்தி நடக்குதுல்லா. பீமு எறங்குனா எங்கண்ணுல படும். சத்தம் போட்டு எல்லாத்தையும் வெளிய அனுப்பிரலாம்."

"அனுப்ப முடியலன்னா?"

"நானும் உள்ள இருந்தேன்னு ஆயிரும். பிளான் போட்டது நாந்தானண்ணே."

பெரியப்பா ஒரு நாற்காலியை இழுத்துத் தம்பி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கடைசிப் பந்தி எழும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாடியில் ஒரு வாளி உருண்டாலும் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டதாம். எல்லாரும் இறங்கிய பிறகு பெரியப்பா கேட்டார், "எத்தன தூணுலே வேணும்?"

"ஒண்ணு போதும்ணே."

"நடுவுலயா?"

"நடுவுலதான்."

அன்றே மாடியைப் பூட்டினார்கள். அடுத்து ஆடி, முகூர்த்தம் கிடையாது, வேலைக்கு வசதியாகப் போயிற்று. கரிசலைத் தாண்டிச் சுக்கான் பாறை தட்டும்வரை குழி தோண்டி, தூண் எழுப்பினார்கள். மேலே கொட்டியிருந்த சாந்தை எல்லாம் உடைத்து எடுத்தார்கள். தூண் இறுகிய பிறகு மறுபடியும் மணல் மூட்டை, மறுபடியும் நூல். இந்த முறை ஏணியில் ஏறி ஸ்கேலைப் பிடித்தவர் பெரியப்பா. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை பார்த்தார். "எறங்கவே இல்லயேலே" என்றார். அப்பா தானும் ஏறிப் பார்த்தார். பிறகுதான் நம்பினார்.

அதற்குப் பின் அப்பா பல பள்ளிக்கூடங்களுக்கும் தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் பீம் பார்த்தார். நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல், கண்டதைக் கண்ட இடத்திலேயே சொன்னார். அதனால் சில பேருக்கு வேண்டாதவர் ஆனார். கடைசி இரண்டு வருடம் சிறுநீரகக் கோளாறு அவரை வாட்டியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தபோது நான் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தேன். அப்பா மேலே பார்த்தார். நானும் பார்த்தேன், மச்சில் ஒரு கோடு ஓடியிருந்தது. "அது வெறும் பூச்சு வெடிப்பு தாயி, ஒண்ணும் பண்ணாது. பயப்படாத" என்றார். பயப்படாதே என்று அப்பா சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அவருடைய கொத்தனார்களுக்கும், இறுதி நாளில் துணை நின்ற அனைவருக்கும் நன்றி. ஏழெட்டு மாதம் இலைகளைச் சுவரோரமாகவே போட்ட சமையல் மாஸ்டருக்குத் தனியாக நன்றி. அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார்கள்.

கல்யாண மண்டபத்தில் நினைவு நாளா என்று சிலர் கேட்டார்கள். "எம்மண்டபம், எந்தம்பி" என்று பெரியப்பா முடித்துவிட்டார். ஆகவே இன்று படத்துக்குப் பூப்போட்டுவிட்டு, எல்லாரும் மாடிக்குச் சாப்பிடப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்பா அளந்து பார்த்துவிட்டார். யாரும் சுவரோரம் ஒதுங்க வேண்டாம், நடுவிலேயே உட்காருங்கள்.