பெட்டி நிறைய முகங்கள்

தியேட்டரில் ஓடாத பொம்மைப் படம்தானே என்று இளக்காரமாகத்தான் எங்கள் திண்டிவனம் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படம். முடியும்போது அந்தப் பொம்மைச் சிறுமிக்காகத் தேம்பிக்கொண்டிருந்தேன். இதைப் போய் ஏன் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

பிறகு படம் எடுத்த விதத்தைக் காட்டினார்கள். ஒருவர் அவளுடைய சிரித்த முகத்தை அப்படியே கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, அழுகிற முகத்தை எடுத்து மாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடப்பாவி! இதுக்கா அழுதேன்?"

மல்லாட்டையை உடைத்துக் கடலையை மென்றுகொண்டிருந்த என் மகள் அசரவே இல்லை.

"நீ மட்டும் என்னாவாம்? என்னைத் திட்டிக்கினே இருப்ப. விழுப்புரத்து அத்தை போன் பண்ணா, இப்டித்தாம்மா ஜல்தியா வேற மூஞ்சிய மாட்டிக்கிற."