கோட்டுக்கு அப்புறம் காலி

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. சந்தேகம் இருப்பவர்கள் ஒரகடம் பஸ் பிடித்து, சேரப்பணஞ்சேரி பக்கம் இருக்கும் அந்த இன்ஜினியரிங் காலேஜ் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். நூலகர் சசிரேகா வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் ஜன்னலோர நாற்காலியில் உங்களை உட்கார விடவும் மாட்டாள்.

எல்லாம் அந்த எழிலரசனால் வந்த வினை. புது சாஃப்ட்வேர் போட்டுத்தர சென்னைக் கம்பெனி அனுப்பிய மேதாவி. இதே காலேஜில் படித்தவன்தான். நாலு வருஷத்தில் நூலகத்துக்குள் அவன் கால் வைத்தது ஒரே தடவை, புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொடுக்க. அது எங்கிருந்து சுட்டது என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் முறைப்படி சசிரேகா அதைக் கேட்லாக்கில் ஏற்றினாள். எழிலரசன், 1999, பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் காலி.

நூலகத்து வழக்கம் அது. எழுதியவர் பேருக்குப் பக்கத்தில் பிறந்த வருஷம், ஒரு கோடு. ஆள் உயிரோடு இருக்கும்வரை அந்த இடத்தைத் திறந்தே வைப்பார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, விசாரித்து உறுதி செய்துகொண்டு, இறந்த வருஷத்தைப் போட்டு மூடுவார்கள். விசாரிக்காமல் சசிரேகா ஒரு கோட்டிலும் கை வைத்ததில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. கேட்லாக் சரியில்லை என்று எழுதிவிட்டுப் போனால் அவள் வேலைக்கே உலை. இந்த லட்சணத்தில் சனிக்கிழமை காலைதான் எழிலரசன் பழைய பதிவுகளைப் புது முறைக்கு மாற்றினான். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். சசிரேகா திரையைப் பார்த்தாள். ஒருவருக்குக்கூட இறந்த வருஷம் இல்லை. எல்லாம் கோட்டோடு அறுந்து நின்றது.

“என்னப்பா இது? செத்தவங்க எல்லாரும் உயிரோட இருக்காங்க?”

“மாத்தறப்போ கோட்டுக்கு அப்பறம் இருந்த வருஷம் வுட்டுப்போச்சு மேடம். எவன் எப்ப செத்தா உனுக்கு இன்னா?”

“பழைய காப்பி வெச்சிருக்கியா?”

“அது மேலயே எழுதிட்டனே.”

அறிவுகெட்ட ஜென்மம் என்று மனசுக்குள் திட்டினாள். அவன் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ரீல்ஸ் பார்க்கப் போய்விட்டான்.

மதியம் கரன்ட் போனது. ஏசி நின்றது. அந்த அமைதியில்தான் சத்தம் கேட்டது.

டப்... டப்...

தேதி முத்திரை குத்தும் சத்தம். பார்கோடு வந்த பிறகு அந்த முத்திரையை யாரும் தொட்டதே இல்லை. சசிரேகா அலமாரியைச் சுற்றிப் போனாள். ஜன்னலோர நாற்காலியில், காட்டன் புடவையில், குனிந்து குத்திக்கொண்டிருந்தது கோமதியம்மாள். அவளுக்கு முன்னால் அங்கே நூலகராக இருந்தவர். மாவட்டத்து நூல்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர். வாலாஜாபாத்தில் அவர் சாவுக்கு மாலை வாங்கிப் போனதும், அவர் கோட்டை 2019 என்று மூடியதும் சசிரேகாதான்.

“என்னைக் கூப்ட்டியா, சசி?”

“நீங்களாம்மா...” என்றாள் சசிரேகா.

“இன்னா மேடம், தனியா பேசிகினு கீற?” என்று இளித்துக்கொண்டே வந்தான் எழிலரசன். பார்த்தான். இளிப்பு அப்படியே நின்றது. பின்னால் இன்னொரு நாற்காலி இழுபட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று...

கரன்ட் வந்தது. அவன் கீபோர்டில் விழுந்தான்.

“மூட்றேன்... எல்லாத்தையும் மூட்றேன்!”

“உயிரோட இருக்கறவங்களும் அதுல இருக்காங்கடா!”

“அத்த அப்பறம் பாத்துக்கலாம்!”

காலியான எல்லா இடத்திலும் ஒரே தட்டில் 2025. சத்தம் நின்றது. நாற்காலிகளில் யாருமில்லை. அந்த வீரசூரன் பைக் சாவியைப் பொறுக்கிக்கொண்டு ஓடியே போனான்.

திங்கட்கிழமை விடிந்ததும் சசிரேகா வந்து உட்கார்ந்தாள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். எல்லாரும் எடுத்தார்கள். “நான் செத்துட்டேன்னு எவன் சொன்னான்?” என்று ஒரு பழைய புரொஃபசர் வைதார். சிரித்துக்கொண்டே அவர் கோட்டைத் திறந்தாள்.

கடைசியில் எழிலரசன், 1999–2025. துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடின கழுதைக்கு எதற்குப் போன்? 2025ஐ அழித்தாள்.

கதவு திறந்தது. எழிலரசன்.

அதே சனிக்கிழமைச் சட்டை. ‘இன்னா மேடம்’ இல்லை. டீ வேண்டாம் என்று தலையாட்டினான். டைப் செய்தான். கீபோர்டு சத்தம் வரவில்லை...

ஆய்வுக் குழு வந்தது. தணிந்த குரலில், ஒரு தப்பில்லாமல் விளக்கினான். “கெட்டிக்காரப் பையன்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் வேலை பிழைத்தது. அவன் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

செத்தவர்களுக்கெல்லாம் இன்னும் 2025தான் நின்றது. பழைய காப்பி எங்காவது கிடைக்குமா என்று கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“எழிலரசன் பார்த்த வேலையா மேடம்? வேற ஆள அனுப்புறோம். சனிக்கிழமை சுங்குவார்சத்திரத்துல பைக் மேல லாரி ஏறி ஆளு போயிட்டான். நேத்துதான் எடுத்தோம்.”

சசிரேகா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சசிரேகா திரையில் அவன் பதிவைத் திறந்தாள். கோட்டுக்கு அப்புறம். 2... 0... 2...

“மூடாதீங்க மேடம்.”

அவனிடமிருந்து முதல் ‘ங்க’.

“வூட்டுக்குப் போவணும்... வழி தெரியல.”

அவள் விரல் இறங்கவில்லை.

மறுவாரம் புது ஆள் வந்தான். கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“இன்னாத்த சரி பண்ணச் சொல்றீங்க மேடம்? செத்தவங்க வருஷமெல்லாம் கரெக்டா கீதே. எழிலரசன் லாகின்ல ஒவ்வொண்ணா ஏத்திகிறாரு. நேத்து ராத்திரி வரைக்கும்.”

உயிரோடு இருந்தவரை ஒரு வேலையையும் உருப்படியாய் முடிக்காதவன்.

“ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி மேடம். அவரோடது. மூடிடட்டா?”

ஜன்னலோர நாற்காலி மெல்ல... இழுபட்டது.

“வேணாம்” என்றாள் சசிரேகா.