திரையில் ஒரு பூக்கடைக்காரர்

கேரள எல்லையில், பாறசாலை பஸ் ஸ்டாப்பை ஒட்டி எங்களுக்கு ஒரு பூக்கடை உண்டு. மாலை கட்டுவது என் கணவர், வாங்க வருபவர்களிடம் பேசுவது நான். அவருக்குத் திக்குவாய். 'ப', 'ம' இரண்டிலும் தொடங்கும் சொற்கள் உதட்டிலேயே நின்றுவிடும். பூ, பிச்சி, மல்லிகை, மாலை என்று எங்கள் தொழிலில் பாதிச் சொற்கள் அப்படித்தான். என் பெயரும் அப்படி ஒன்று.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்தில் ஒரு மலையாளச் சிரிப்புப் படம் எடுத்தார்கள். கதைநாயகன் பூக்கடைக்காரன். அந்த வேடத்தில் நடிக்க வந்தவர் மாலை கட்டப் பழக வேண்டும் என்று மூன்று நாள் காலையில் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தார். தரையில் சம்மணம் போட்டு, நனைத்த வாழைநாரை என் கணவர் காட்டியபடியே முடிந்தார். வார்த்தைக்கு வார்த்தை 'சேட்டா, சேட்டா' என்று கூப்பிட்டார்.

வெளியாட்களிடம் இரண்டு சொல் பேசினாலே என் கணவருக்கு அதிகம். அந்த நடிகரிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசினார். அவரும் அவசரப்படுத்தாமல், என் கணவரின் வாயையே பார்த்தபடி முழுக்கக் கேட்டார். இப்படிக் கேட்க ஒரு ஆள் வந்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

படம் வந்ததும் நெய்யாற்றின்கரைத் தியேட்டருக்கு மதியக் காட்சிக்குப் போனோம். நாங்கள் இருவரும், பிளஸ் டூ படிக்கும் மகளும். எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பேர் பின்வரிசையில் இருந்தார்கள்.

திரையில் பூக்கடைக்காரன் வந்தான். ஒரு பெண் பூ விலை கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். "ப... ப... ப..." தியேட்டர் குலுங்கியது. அவன் கண்ணை இறுக மூடி, தலையை இடப்பக்கம் சாய்த்து, தொடையில் மூன்று தட்டுத் தட்டினான். அது என் கணவர் தட்டுவது. சொல் வராதபோது அவர் அப்படித்தான் தட்டுவார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது. அவருடைய கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த காட்சியை நான் எதிர்பார்க்கவே இல்லை. கல்யாணத்தைப் பதிவு செய்யும் ஆபீஸ். அதிகாரி பெண்ணின் பெயரைக் கேட்கிறார். பூக்கடைக்காரனுக்குப் பெயர் வரவில்லை. வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு பெயர் எடுத்துக் கொடுக்கிறார்கள். கடைசியில் அதிகாரி வேறொரு பெண்ணின் பெயரை எழுதிவிடுகிறார். பின்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

அது எங்கள் கல்யாணப் பதிவு. வேறு பெயர் எழுதியது மட்டும் சினிமாக்காரர்கள் சேர்த்தது. அன்று என் பெயர் வராமல் அவர் வேர்த்து நின்றதும், நான் முந்திக்கொண்டு சொன்னதும், வெளியே வந்து ஒரு மரத்தின் மறைவில் அவர் அழுததும் எங்கள் இருவரைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

இடைவேளையில் விளக்குப் போட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் என் கணவரின் தோளில் தட்டினார். "எலே மக்கா, உன்னெ அப்பிடியே எடுத்து வச்சிருக்கானே!"

அவர் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது.

"அப்பா, போவலாம்," என்றாள் மகள். அவள் கண் நிறைந்திருந்தது.

"இரி ம... மக்கா. மு... முடியட்டு."

முடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு அவர் பேசுவதையே விட்டுவிட்டார். எதற்கும் தலையாட்டுவார், விரலால் காட்டுவார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டேன். "அந்த ஆபீஸ் கதைய நீங்களா அவருட்ட சொன்னீங்க?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சொன்னார். "சொல்லும்ப... அவரு சிரிக்கல்ல."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் தொடையைத் தட்டிக் காட்டத் தொடங்கினார்கள். பலருக்கும் அது வெறும் விளையாட்டு. சேட்டன் இப்போது ஸ்டார் அல்லவா என்று வெள்ளறடையிலிருந்து வந்த ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். என் கணவர் தலை நிமிராமல் கட்டிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர் என்றைக்கு வெடிப்பாரோ, இல்லை ஒரேயடியாக உள்ளுக்குள் போய்விடுவாரோ என்று ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டேதான் கடையைத் திறந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மாலை வாங்க மாப்பிள்ளையே கூட்டாளிகளோடு வந்தான். குளத்தூரில் பதினோரு மணிக்கு முகூர்த்தம். காரின் முன்னால் இரண்டு பெயர்களையும் பூவில் எழுத வேண்டும் என்றார்கள். கூட்டாளிகளில் ஒருவன் என் கணவரிடம் குனிந்து, "பொண்ணுக்க பேரு கேளு சேட்டா," என்று சொல்லிவிட்டு, "ப... ப... ப..." என்று தொடையைத் தட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

என் கணவர் கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. நான் அதைச் சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் எழுந்து நின்றார்.

"அ... அது நானாக்கும்," என்றார். "ப... ப..."

அடுத்த சொல் எனக்குத் தெரியும், என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடமும் அவர் தொடங்கியதையெல்லாம் நான்தான் முடித்துவைத்தேன். அது உதவி என்று நினைத்திருந்தேன். அன்று என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் வந்து, ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பியது.

"...படத்துல உள்ளது நானாக்கும். எனக்க கல்யாணத்துக்கு உள்ளதாக்கும் அது. இனி சிரி."

யாரும் சிரிக்கவில்லை. தட்டிய பையன் காரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மாப்பிள்ளையின் முகம் சிவந்துபோயிற்று.

"க்ஷமிக்கணம் சேட்டா," என்றான். பிறகு தமிழில், "அறியாம சொல்லிட்டான்."

"சாரமில்ல, விடு. பே... பேரு சொல்லு."

அவன் சொன்னான். அவர் செவ்வந்தியில் எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை மகளிடம் நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கை காட்டி என்னை நிறுத்திவிட்டுத் தானே சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நானும் அவளும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டோம்.

இப்போது கடைக்கு வரும் போனை அவர்தான் எடுக்கிறார். சிலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். அவரே திரும்பக் கூப்பிடுகிறார்.